நடுக்கோட்டார்

பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் இரண்டு டீ குடிப்பார். ஆசைப்பட்டு இல்லை. ஒன்று பெரிய மாஸ்டர் வாங்கித் தருவது, இன்னொன்று சின்ன மாஸ்டர் வாங்கித் தருவது. ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதை வேண்டாம் என்றால் ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடுமாம். எந்த கிளாஸை முதலில் தொடுவது என்பதற்கும் முறை வைத்திருந்தார். இன்று வலது என்றால் நாளை இடது. பல வருஷம் இப்படிக் குடித்ததில் நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

நாங்கள் இருவரும் ஒரே தையல் கடையில் வேலை பார்த்தோம். தைத்து முடித்த துணிகளைத் தேய்ப்பது அவர் வேலை. காஜா எடுத்துப் பொத்தான் வைப்பது என் வேலை. அதனால் எல்லோருக்கும் நான் காஜாக்கா. கடை அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். அண்ணன் பெரிய மாஸ்டர், தம்பி சின்ன மாஸ்டர். இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

கடையின் நடுவே தரையில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இருக்கும். வாசல்படியில் தொடங்கிப் பின்சுவர் வரை போகும். வலப்பக்கம் பெரியவருடைய மெஷின்கள், கண்ணாடி, காலண்டர். இடப்பக்கம் சின்னவருடைய மெஷின்கள், கண்ணாடி, காலண்டர். ஒரே தேதியைத் தினமும் இரண்டு முறை கிழிக்கிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தேய்க்கிற மேஜை மட்டும் ஒன்றுதான். அது கோட்டின் மேலேயே நிற்கும், இரண்டு கால் அந்தப் பக்கம், இரண்டு கால் இந்தப் பக்கம். மேஜைக்குப் பின்னால் இவர். வலது குவியலிலிருந்து ஒரு சட்டை தேய்த்தால் அடுத்தது இடது குவியலிலிருந்துதான் எடுப்பார். தெருவில் இவருக்கு நடுக்கோட்டார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மரியாதையோடுதான் கூப்பிடுவார்கள்.

அண்ணன் தம்பி ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதெல்லாம் இவர் வழியாகத்தான் போகும்.

"அந்த ஆளுகிட்ட சொல்லுங்க, கத்தரிச் சத்தம் காதைக் குடையுது. என் காது என்ன இரும்புலயா செஞ்சிருக்கு?" என்பார் பெரியவர். சின்னவர் நான்கடி தூரத்தில்தான் இருப்பார். காதில் விழாத மாதிரி டேப்பை உதறிக்கொண்டிருப்பார்.

இவர் நிதானமாகத் திரும்பி, "கத்தரிக்குச் சாணை பிடிச்சா நல்லாருக்கும்னு நினைக்கிறாரு" என்பார்.

"எப்ப பிடிக்கணும்னு எனக்குத் தெரியும். அவரை அவர் சோலியைப் பாக்கச் சொல்லுங்க."

"யோசிக்கிறாராம் மாஸ்டர்," என்பார் இவர் இந்தப் பக்கம் திரும்பி.

வார்த்தையையும் சட்டையைப் போலத்தான் தேய்த்துக் கொடுப்பார், ஒரு சுருக்கம் இருக்காது. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன்.

வீட்டிலும் இதே கதைதான். எனக்கும் நாத்தனாருக்கும் போனில் வாக்குவாதம் வந்தால், "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அரை மணி நேரம் குளிப்பார். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, "கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்பார். சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த மனிதருக்கு? தலையில் அடித்துக்கொள்வேன்.

நடுநிலை என்ற சொல்லை எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஒரு விதமாகப் புழங்குவார்கள். மாடிவீட்டுக்காரர் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்றால் "நான் நடுநிலைங்க" என்று கதவைச் சாத்திக்கொள்வார். நாத்தனாருக்கு, அவள் சொன்னதற்குத் தலையாட்டினால் நடுநிலை, ஆட்டாவிட்டால் ஓரவஞ்சனை. கடைக்கு வரும் செய்தித்தாளில் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள். அதை வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே கட்சி. துணியில்கூட உண்டு. "எதோடயும் சண்டை போடாத கலரா காட்டுங்க" என்று கேட்டு, சாம்பலும் சந்தனமும் எடுத்துத் தைக்கக் கொடுப்பார்கள். அந்தச் சட்டையை ஆசையாகப் போட்டுக்கொண்டு போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மொட்டை மாடிக் கொடிக்கயிறு யாருக்கு, வாசலில் வண்டியை யார் நிறுத்துவது என்று தெருவில் எந்தத் தகராறு வந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவர் போய், தலையை லேசாகச் சாய்த்து இரண்டு பேர் சொல்வதையும் கேட்பார். இவர் தீர்த்து வைத்த சண்டை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் சண்டைக்காரர்களுக்கே அலுத்துப்போகும். "நடுக்கோட்டார் வந்துட்டுப் போனாரு, மனசு லேசாச்சு" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடாது.

இந்தப் பெயர் வந்த நாளைச் சொல்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கடையில் கோடு கிடையாது. பெரியவர் வெட்டுவார், சின்னவர் தைப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாண கவுன் தைத்திருந்தார்கள். தந்தநிறப் பட்டு. நாற்பது பொத்தான், அத்தனையும் நான் வைத்தது. மறுநாள் மாலை கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தின நாளான அன்றைக்கு எங்கள் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் லீவு போட்டிருந்தோம். பள்ளிக்கூட வேலை முடிந்து மூன்று மணிக்குக் கடைக்கு வந்து பார்த்தால் உள்ளே ஒரே ரகளை.

கல்யாணப் பெண்ணின் அம்மா காலையிலேயே கவுனை வாங்க வந்துவிட்டாராம். உறையை எடுத்துப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே, பின்பக்கம், இஸ்திரிப் பெட்டியின் அடி அச்சடித்த மாதிரி பழுப்பாகக் கருகியிருக்கிறது. அந்த அம்மாள் அழுது, திட்டி, கவுனை வீசிவிட்டுப் போய்விட்டார். அன்று காலை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு தடவை பெட்டியைத் தொட்டிருந்தார்கள். நீதான் எரித்தாய் என்று அண்ணன், நீங்கள்தான் என்று தம்பி. கவுனில் ஆரம்பித்த சண்டை எங்கெங்கோ போய் இறந்துபோன அம்மாவில் வந்து நின்றது.

"அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவங்களை அநாதையா விட்டவன்தானடா நீ! உன்கிட்ட பொறுப்பு எங்கேருந்து வரும்?" என்று பெரியவர் கத்தினார்.

சின்னவர் முகம் வெளுத்துப்போனது. கையிலிருந்த டேப்பைக் கீழே போட்டார்.

பெரியவர் மூச்சு வாங்க என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் பட்சபாதம் கிடையாது, நியாயமான மனுஷன். தப்பு யார் மேல?"

"ஆமா, இவரே சொல்லட்டும். அவர் சொன்னா நான் ஒத்துக்கறேன்," என்றார் சின்னவர்.

இவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, "நான் யார் பக்கமும் இல்ல மாஸ்டர்" என்றார்.

என்ன பக்குவம், என்ன நிதானம் என்று எனக்குப் புல்லரித்துப்போனது. அன்று மாலையே தெரு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டு நாளில் தரையில் மஞ்சள் கோடு வந்தது. அதற்குப் பின்னால் இவர் பெயரும் வந்தது.

இத்தனை வருஷம் கோட்டோடு சரியாகப் போனது. போன மாதம் சின்ன மாஸ்டருக்கு ஏசி போடும் ஆசை வந்ததும் எல்லாம் கெட்டது. அவருடைய காசு, அவருடைய பக்கம், போட்டுக்கொள்ளட்டும். ஆனால் குளிர்க்காற்றுக்குக் கோடு தெரியுமா? அது பாட்டுக்கு அண்ணன் பக்கமும் போகும். "என் குளிர்ல அவரு உக்காந்து தைப்பாரா?" என்று தம்பி கேட்க, "யாருக்கு வேணும் அவன் குளிரு? சளிதான் பிடிக்கும்" என்று அண்ணன் சொல்ல, கோட்டின் மேலேயே கூரை வரை செங்கல் சுவர் எழுப்புவது என்று முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரர் வழியாகத்தான் அந்த முடிவும் போய் வந்தது. திங்கட்கிழமை காலை கொத்தனார் வருவார் என்றார்கள்.

சுவர் எழும்பினால் மேஜை எங்கே நிற்கும்? "நீங்க எங்க பக்கம் வாங்க, ஜன்னல் காத்து வரும்," என்றார் பெரியவர். "அண்ணே, இங்க ஏசி," என்றார் சின்னவர். திங்கட்கிழமை காலைக்குள் இவர் ஒரு பக்கம் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கம் எடுக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் கலங்குகிறார் என்று நான் நினைத்தேன். மகள்கூடக் கிண்டல் செய்தாள்: "சுவத்துக்குள்ள அப்பாவை வெச்சுப் பூசிடச் சொல்லும்மா, பிரச்சினை தீந்துடும்." இவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். தட்டை வைத்தேன், தொடவில்லை.

"ஏசிப் பக்கமே சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் வேர்க்குது," என்றேன்.

"அந்தக் கவுனை நான்தான் எரிச்சேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எந்தக் கவுனு?"

எல்லாவற்றையும் சொன்னார். அன்று லீவு என்று சொல்லியிருந்தாலும் மனசு கேட்காமல், விடிந்ததும் தன்னிடமிருந்த சாவியால் கடையைத் திறந்திருக்கிறார். கல்யாணத் துணியாயிற்றே, கடைசியாக ஒரு தடவை மேலோட்டமாகத் தேய்த்துவிடலாம் என்று. தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்திருக்கிறது. பெட்டியை நிமிர்த்தி வைக்க மறந்து, அப்படியே விட்டுவிட்டுப் பேசியிருக்கிறார். அப்புறம்தான் கருகின இடத்தைப் பார்த்திருக்கிறார். மிச்சத் துணி இருக்கிறது, பள்ளிக்கூட வேலை முடிந்ததும் வந்து மாஸ்டர்களிடம் சொல்லி, பின்பக்கத்தை மாற்றித் தைத்துவிடலாம், ஒரு நாள் முழுசாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு, உறையைப் போட்டு மாட்டிவிட்டு வந்திருக்கிறார். அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"யாரு போன் பண்ணது?" என்று கேட்டேன்.

அவர் தட்டையே பார்த்தார். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழைக் காணோம் என்று அன்று காலையில் போன் போட்டு, அவரைப் பேசவே விடாமல் கத்தித் தீர்த்தது நான்தான். ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக என் கோபம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். அதிகம்தான் ஆனது. "பதினோரு வருஷமா பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கேன், எங்கிட்டகூடச் சொல்லலையே! அன்னிக்குக் கடையில கேட்டாங்கல்ல, அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்," என்றார். "பெரிய மாஸ்டர் அதுவரைக்கும் என்னை வாப்பா, போப்பான்னுதான் பேசுவாரு. அன்னிக்கு நீங்கன்னாரு. நியாயமான மனுஷன்னாரு. யாரும் என்னை அப்படிச் சொன்னதில்ல. ஒரு நாளைக்காவது அப்படி இருந்துட்டு நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே நீ தெரு பூராச் சொல்லிட்டே. அதுக்கப்புறம் முடியல."

பாவி மனுஷன். திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன்.

திங்கட்கிழமை காலை நாங்கள் போனபோது கொத்தனார் கடைக்கு வெளியே மணலைக் கொட்டி, சிமெண்டும் குழைத்துவிட்டிருந்தார். உள்ளே கோட்டை ஒட்டிச் செங்கல் அடுக்கியிருந்தது. அண்ணனும் தம்பியும் அவரவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார் பெரியவர்.

என் வீட்டுக்காரர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். இந்தத் தடவை ஒன்றையும் தேய்த்துச் சொல்லவில்லை. சாவி, கவுன், கருகின இடம், உறை போட்டு மறைத்தது, வாய் வரை வந்ததை விழுங்கினது, எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். போன் செய்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். "போன் பண்ணது நான்," என்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவர் தம்பியைப் பார்த்து, "கேட்டியாடா?" என்றார்.

"கேட்டேன்," என்றார் தம்பி.

பதினோரு வருஷத்தில் அவர்கள் நேராகப் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். அதை அவர்களே கவனிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் வீட்டுக்காரர் மேல் பாய்ந்தார்கள். ஒருவர் ஆரம்பித்த வசவை இன்னொருவர் முடித்தார். மனுஷனா நீ என்று அண்ணன் கேட்க, எங்க கண்ணைப் பாத்து எப்படித் தினமும் டீ குடிச்சீங்க என்று தம்பி கேட்டார். ஒரு விஷயத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். இவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

"நீ போ. நாளைலேருந்து வராதே," என்றார் பெரியவர்.

"ஆமா, போங்க," என்றார் சின்னவர். அவரால் மட்டும் மரியாதையை விட முடியவில்லை.

இவர் வெளியே போனார். பெரியவர் பெருமூச்சு விட்டு, "பாத்தியா, இந்த ஆளால எவ்வளவு பெரிய..." என்று ஆரம்பித்தார்.

"கவுனை எரிச்சது அவரு," என்றார் சின்னவர். "அம்மாவை நான் அநாதையா விட்டேன்னு சொன்னது நீங்க."

வாசலில் கொத்தனார் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "கலவை இறுகிடும்ங்க. கட்டவா, வேணாமா?"

பெரியவர் தன் மெஷினின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போகாதது நான்தான்டா," என்றார். "அம்மா கிடந்த பத்து நாளும் நீ போனே, ராத்திரி பகல் பாக்காம உக்காந்திருந்தே. எனக்கு அவங்களை அந்தக் கோலத்துல பாக்க தைரியம் இல்ல. அன்னிக்குக் கவுனைப் பாத்ததும் நீயும் தப்பு பண்ணிட்டேன்னு எனக்கு ஒரு சந்தோஷம்டா. அந்த வேகத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

சின்னவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொத்தனாரிடம், "வாசப்படி ஒடைஞ்சு கிடக்கு, அந்தக் கலவையை அதுல பூசிடுங்க" என்றார். தன் ஸ்டூலைக் காலால் அண்ணன் பக்கம் தள்ளினார். பெரியவர் அதில் உட்கார்ந்தார்.

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. எங்கள் இரண்டு பேர் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"காஜாக்கா, நீங்க எங்க போறீங்க?" என்றார் சின்னவர். "உங்க மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

"ஆமாம்மா, நீ என்ன பண்ணுவே? தப்பு அவன் மேல," என்றார் பெரியவர்.

"தப்பு அவர் மேலதான் மாஸ்டர். நீங்க இன்னும் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, நானும் வீட்டுக்குப் போய்த் திட்டத்தான் போறேன். ஆனா நான் அவர் பக்கம்."

வெளியே வந்தேன். மணல் குவியலுக்குப் பக்கத்தில், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நீ ஏன் வந்தே? உனக்கு வேலை இருக்கே," என்றார்.

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பையையும் அவர் கையில் திணித்து, "பேசாம நடங்க" என்றேன்.